கல் காட்டிக்கொடுத்த கை

மூன்று மாதமாகக் கிரிஜா, தொப்பி வைத்த பிரெஞ்சுக்காரர்களோடு வாழ்ந்துகொண்டிருந்தாள்.

கிளேட்டன் பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு வேலை. அந்த ஊரில் வசதியாக வாழ்ந்து இறந்துபோன ஒரு சீமாட்டி, தன்னிடமிருந்த இருநூற்றுப் பதினாறு அச்சுப்படங்களை நூலகத்துக்கு எழுதி வைத்திருந்தார். எல்லாம் நூற்று முப்பது வருடங்களுக்கு முன் பாரிஸ் பத்திரிகைகளில் வந்த கேலிப்படங்கள். ஒவ்வொன்றையும் அளந்து, குறிப்பு எழுதி, அட்டைக்குள் வைக்கிற பொறுப்பு கிரிஜாவுடையது.

"அரசனைக் கேலி செய்தால் சிறை என்று சட்டம் வந்துவிட்டது. ஓவியர்கள் சும்மா இருப்பார்களா? அரசனை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டார்கள்" என்று மேலதிகாரி மிஸ் பிரைஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.

உண்மைதான். கடைக்காரர், கந்தோர்க் குமாஸ்தா, சின்ன வக்கீல் என்று ஆறு நாளும் ஒழுங்காக இருந்த மனிதர்கள், ஏழாம் நாள் எப்படியாவது சந்தோஷப்பட்டே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள். ஒருவர் காலையிலிருந்து குடையின்கீழ் தூண்டில் போட்டுக்கொண்டிருக்க, மீன்கள் அவருக்குப் பின்னால் துள்ளின. கிராமத்துக் காற்று வாங்கப் போன குடும்பம் ஒன்று மழையில் ஒரே மரத்தடியில் ஒடுங்கி நின்றது. குழந்தை, கூடை, சால்வை எல்லாம் மனைவியின் கையில், கைத்தடி மட்டும் கணவனின் கையில். நாடகக் கொட்டகையில் மனைவி விம்மி அழ, கணவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

அந்த மழைப் படத்தைப் பார்த்த நாளில் கிரிஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கைத்தடிக்குப் பதிலாகக் கமெராவைக் கொடுத்தால், அசல் யோகேஸ்வரன் அத்தான்.

அத்தான் நோபல் பார்க்கில் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். கிரிஜா தன் அக்கா சந்திரவதனாவோடும் அவள் கணவரான அத்தானோடும்தான் இருந்தாள். அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பிக்னிக். ஒன்பது மணிக்கு வாகனம் புறப்பட வேண்டும். மடக்குக் கதிரை ஐந்து, மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, பிட்டு ஒரு பெரிய டின், சொதி இரண்டு பிளாஸ்க், ஒருவரும் விளையாடாத கிரிக்கெட் மட்டை ஒன்று. போகிற இடத்தில் காற்று ஆளைத் தூக்கினாலும், "என்ன ஒரு வெதர்!" என்று அவர் ஆங்கிலத்தில் மெச்சியே தீருவார்.

மிஸ் பிரைஸின் தூண்டுதலால் கிரிஜா சனிக்கிழமைகளில் கல்லச்சு வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அந்தப் பிரெஞ்சுப் படங்களெல்லாம் அப்படி அச்சடித்தவைதான். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லில் கொழுப்புப் பென்சிலால் வரைய வேண்டும். கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரத்தில் மை ஒட்டாது. கொழுப்புக் கோட்டில் மட்டும் ஒட்டும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம். என்ன வரைவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், குளிர் தொடங்குகிற ஏப்ரல் மாதத்து அந்தப் பிக்னிக் வந்தது.

"பொம்பிளை பாக்கிறது, அது இது எண்டு ஒண்டுமில்லை. சும்மா ஒரு பிக்னிக்" என்றாள் அக்கா, காலை ஆறு மணிக்கே கிரிஜாவின் தலையில் பூ வைத்துக்கொண்டு.

"சும்மா பிக்னிக்குக்கு என்னத்துக்கு அக்கா பட்டுச்சேலை?"

"குளிருக்கு நல்லது. வாயை மூடிக்கொண்டு இரு."

மாப்பிள்ளை கேதீஸ்வரன் டன்டினோங்கில் கார் செய்கிற ஆலை ஒன்றில் எஞ்சினியர். அவனுடைய தாய் நாகேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். ஜூனில் திரும்புவதற்குள் மகனுக்கு ஒரு இடத்தை நிச்சயம் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

மலையடிப் பூங்காவில் ஏரிக்கரையோரம் கதிரைகள் விரிந்தன. நாகேஸ்வரி காஞ்சிபுரம் சேலைக்கு மேலே மகனுடைய பெரிய கார்டிகனைப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டி, கடும் நீதிபதிபோல உட்கார்ந்தார். அத்தான் எல்லாரையும் விட்டுவிட்டு ஒரு வாத்தைப் படம் எடுத்தார். அக்கா பிளாஸ்கை இரண்டு கையாலும் அணைத்துக் குளிர்காய்ந்தாள். முதல் பசி கேதீஸ்வரனுக்குத்தான்.

அவன் பிட்டைக் குழைத்த விதம் கிரிஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. வாய்க்குப் போவதில் பாதி மடியில் விழுந்தது. சொதி மணிக்கட்டால் வழிந்து வெள்ளைச் சட்டைக் கைக்குள் இறங்கியது. அவள் ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

"தாங்ஸ். என்ரை கை நான் சொன்னாக் கேக்கிறேல்லை" என்று அவன் சிரித்தான். பிறகு அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டான். அவள் தூண்டில்காரரைப் பற்றியும் மழைக் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல, அவன் மெல்லத் திரும்பி, வாத்துக்கு முன்னால் முழங்காலில் நின்ற அத்தானைப் பார்த்தான்.

"அப்ப உமக்குப் பாரிசுக்குப் போகத் தேவையில்லை. எங்களையே படமாக் கீறலாமே?"

"கீறலாம்."

"என்னை மட்டும் வடிவாக் கீற வேணும்."

"வடிவா இருந்தாத்தானே வடிவாக் கீறலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேதீஸ்வரன் இருமுகிற அளவுக்குச் சிரித்தான். வீடு திரும்பும்போது, இந்த இடம் சரிவர வேண்டும் என்று கிரிஜா தன்பாட்டில் நினைத்துக்கொண்டாள். இருபத்தாறு வயதில் அவள் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

அதைத்தான் வரைந்தாள். கார்டிகன் நீதிபதி, வாத்தும் அத்தானும், பிளாஸ்க் அக்கா, நடுவில் சட்டைக் கையெல்லாம் சொதியாக ஒரு மாப்பிள்ளை. கீழே பிரெஞ்சுப் படங்களில் இருப்பதுபோல ஒரு வரி: ‘ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம்.’

கல்லில் எழுதுவது தாளில் திரும்பி விழும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் எழுத்துகளைத் திருப்பி எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவர்களே திணறினார்கள். கிரிஜா முகம் பார்க்கிற கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போராடினாள். ‘ஞா’ ஒன்றுக்கே அரைமணி நேரம் போயிற்று. ‘ழ’ மூன்று தடவை வழுக்கியது. கடைசியில் அச்சு இறங்கியபோது, அவள் எழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஒவ்வொரு சுழியும் சரியான பக்கம். மற்ற எதையும் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

நாகேஸ்வரியும் மகனும் முடிவு சொல்ல வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தான் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டிவிட்டார்.

"வேண்டாம் அத்தான், கழட்டுங்கோ."

"விடு பிள்ளை. பொம்பிளையின்ரை திறமையைக் காட்ட வேண்டாமோ? வாத்து எப்பிடி வந்திருக்கு எண்டு பார்!"

நாகேஸ்வரி தேநீர்க் கோப்பையோடு எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"உது ஆர் கீறினது?"

"எங்கட கிரிஜாதான்!" என்றார் அத்தான்.

நாகேஸ்வரி திரும்பி மகனைப் பார்த்தார். கேதீஸ்வரனும் எழுந்து வந்து பார்த்தான். அவனுடைய காதுகள் சிவந்தன. பிறகு கிரிஜாவை ஒருமுறை பார்த்தான். கோபமான பார்வை இல்லை. நம்பி வந்த இடத்தில் கால் வழுக்கியவன் பார்க்கிற பார்வை.

"தம்பிக்கு வேலை இருக்காம். நாங்கள் போட்டு வாறம்" என்று நாகேஸ்வரி கோப்பையை வைத்தார். பயற்றம் பணியாரத் தட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது. அக்கா "ஓம்… ஓம் அன்ரி… இல்லை அன்ரி…" என்று சொல்லிவிட்டு, வைத்த கையோடு கதிரையில் விழுந்தாள்.

"பகிடி பண்ணிற வீட்டிலை எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாமாம்."

"கார்டிகன்தான். பட்டுக்கு மேலை கார்டிகனைக் கீறினா ஆருக்குத்தான் கோவம் வராது?" என்றார் அத்தான்.

"படத்தைக் கொழுவினது ஆர்? வாத்து வாத்தெண்டு துள்ளினது ஆர்?"

"அப்ப நான்தான் கலியாணத்தைக் குழப்பினனோ?"

கிரிஜா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கீறச் சொன்னதே அவன்தானே. வடிவில்லாமல் கீறியதற்கா அந்தப் பார்வை? அவ்வளவு சின்ன மனமா அவனுக்கு? அப்படி இருக்காது என்று ஒரு பக்கம் தோன்ற, அதுவே அழுகையைக் கூட்டியது.

அடுத்த நாள் நூலகத்தில் நூற்று நாற்பத்து மூன்றாம் படம். ஞாயிறு மாலை, நகரத்துக்கு வெளியே ஒரு நடனக் கூடம். மேடையில் ஒரு தொந்திக்கார வயலின்காரர். கிரிஜா குறிப்பெழுதத் தொடங்கியவள், நிமிர்ந்து கேட்டாள்: "மிஸ் பிரைஸ், இவர் வில்லை இடது கையில் பிடித்திருக்கிறார். இடதுகைக்காரர் என்று எழுதவா?"

மிஸ் பிரைஸ் எட்டிப் பார்த்தார். "இல்லை, இல்லை. ஓவியர் கல்லில் வலது கையாகத்தான் வரைந்திருப்பார். அச்சில் திரும்பிவிட்டது. நாளைக்குப் பத்திரிகை வர வேண்டும் என்ற அவசரத்தில் கையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? எழுத்து மட்டும் நேராக இருந்தால் போதும்."

கிரிஜாவின் பென்சில் மேசையிலிருந்து உருண்டு விழுந்தது.

எழுத்து மட்டும் நேராக. ஐயோ. படத்தில் சாப்பிடுகிற ஒரே ஆள் கேதீஸ்வரன். அவனை அவள் இடக்கையால் சாப்பிட வைத்திருக்கிறாள்! ஒரு யாழ்ப்பாணத்துத் தாயின் முன்னால், அவருடைய பிள்ளை இடக்கையால் பிட்டுத் தின்கிற படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, தேநீரும் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் முன்னதாக விடுப்புக் கேட்டாள். கைப்பையில் முகம் பார்க்கிற கண்ணாடி எப்போதும் இருந்தது. வகுப்பில் அடித்த இன்னொரு பிரதியும் மேசை லாச்சியில் இருந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளேட்டனில் ரயில் ஏறினாள். நோபல் பார்க் வந்தது. இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் ஸ்டேஷனைத் தாண்டிப் போனாள்.

டன்டினோங்கில் கேதீஸ்வரனின் பிளாட் கதவைத் திறந்தது நாகேஸ்வரி. அதே கார்டிகன்.

"நீயோ? தனியவோ வந்தனி?"

"ஓம் அன்ரி. அஞ்சு நிமிசம். ஒண்டைக் காட்டிப்போட்டுப் போறன்."

வாசலில் வந்த பிள்ளையை நிறுத்தி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. "இரு" என்று கதிரையைக் காட்டினார்.

கிரிஜா உட்காரவில்லை. மேசையில் படத்தை விரித்தாள். நாகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாக்க மாட்டன். பாத்தது போதும்."

"அன்ரி, படத்தைப் பாக்க வேண்டாம். இந்தக் கண்ணாடிக்குள்ளை பாருங்கோ."

அவள் கண்ணாடியைப் படத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தாள். வேண்டாவெறுப்பாகக் குனிந்த நாகேஸ்வரி, கண்ணாடியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"இதுக்குள்ளை சோத்துக்கையாலை சாப்பிடுறான்!"

"நான் கல்லிலை அப்பிடித்தான் கீறினனான் அன்ரி. கல்லிலை கீறினா அச்சிலை எல்லாம் மாறி விழும். எழுத்தை மட்டும் மாத்தி எழுதினனான், ஆக்களை மாத்திக் கீற மறந்துபோனன். நம்பாட்டி எங்கட அக்காவைப் பாருங்கோ. சேலைத் தலைப்பு எந்தத் தோளிலை கிடக்கு?"

நாகேஸ்வரி விரலை வைத்துப் பார்த்தார். சந்திரவதனாவின் தலைப்பு வலத்தோளில் கிடந்தது. எந்தத் தமிழ்ப் பெண் அப்படிச் சேலை உடுப்பாள்? அன்று அந்த அறையில் சேலை உடுத்த மூன்று பெண்கள் இருந்தும், மூன்று பேருக்கும் அது கண்ணில் படவில்லை.

"அப்ப…" நாகேஸ்வரி மெல்லக் கதிரையில் இருந்தார். "அப்ப நீ தெரிஞ்சு கீறேல்லையோ?"

"என்னத்தைத் தெரிஞ்சு, அன்ரி?"

"அவன் இடக்கையன் எண்டு."

சொன்ன வாயை அவரே பொத்திக்கொண்டார்.

அதே நேரம் குசினி வாசலில் கேதீஸ்வரன் வந்து நின்றான். வேலை முடிந்து வந்து சமையலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவன், குரல் கேட்டு அப்படியே வந்திருந்தான். கத்தி இடது கையில் இருந்தது. கிரிஜாவைக் கண்டதும் பள்ளிக்கூடப் பையன்போல அதை வலது கைக்கு மாற்றினான். மாற்றிய வேகத்தில் கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

அவள் கத்தியைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். பிறகு கிரிஜாவுக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. சண்டை பிடித்த விரல்கள். சொதி. ‘என்ரை கை நான் சொன்னாக் கேக்கிறேல்லை.’

"இதுக்கோ?" என்றாள். "இதுக்கோ நீங்கள் சட்டை முழுக்கச் சொதி ஊத்தினனீங்கள்?"

கேதீஸ்வரன் முதலில் தாயைப் பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்தான்.

"ரெண்டு கிழமை ஸ்பூன் இல்லாமல் பிராக்டிஸ் பண்ணினனான். அம்மா பக்கத்திலை இருந்து பாத்தவ."

"நீ சிரி!" என்றார் நாகேஸ்வரி. ஆனால் அவர் குரலும் இளகிவிட்டது. "பிள்ளை, உனக்குத் தெரியாது. கொழும்பிலை ஒரு இடம். எல்லாம் சரி. தாம்பூலத் தட்டத்தை இவன் நினைவில்லாமல் இடக்கையாலை நீட்டிப்போட்டான். பொம்பிளையின்ரை தேப்பன் தட்டத்தைத் தொடேல்லை. அப்பிடியே எழும்பிப் போட்டினம். சின்னனிலை நான் கையைக் கட்டி வச்சு அடிச்சும் பாத்தன். அண்டைக்கு உங்கட வீட்டுச் சுவரிலை இவன் இடக்கையாலை சாப்பிடுறதைக் கண்டதும்… கண்டுபிடிச்சுச் சுவரிலை மாட்டிச் சிரிக்கினம் எண்டுதான் நினைச்சன்."

"அன்ரி, நான் கண்டுபிடிக்கேல்லை. கல்லுத்தான் கண்டுபிடிச்சுது."

நாகேஸ்வரிக்கு முதலில் கண் கலங்கியது. பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. கார்டிகன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லையும் மகனையும் கொழும்பு இடத்தையும் சேர்த்துத் திட்டினார். இத்தனை வருடமும் எல்லா வீட்டிலும் மகனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷி, முதல் தடவையாகக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கேதீஸ்வரன் மேசைக்கு வந்து படத்தைக் குனிந்து பார்த்தான். "இந்த எழுத்தைத் திருப்பி எழுத உமக்கு எவ்வளவு நேரம் எடுத்தது?"

"மூண்டு நாள். ‘ஞா’வுக்கு மட்டும் அரைமணித்தியாலம்."

"எனக்கு ரெண்டு நிமிசம் காணும்."

"பொய்!"

"முதலாம் வகுப்பிலை நான் அப்பிடித்தான் எழுதினனான். வாத்தியார் நல்லா அடி தந்தவர்." அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். இடது கையில். ஒரு துண்டுத் தாளில், வலப்புறமிருந்து இடப்புறமாக, ஓடுகிற தண்ணீர்போல நிறுத்தாமல் எழுதி அவளிடம் நீட்டினான். அதையும் இடது கையாலேயே நீட்டினான். நாகேஸ்வரி தடுக்கவில்லை.

அது எந்த நாட்டு எழுத்து என்றே தெரியவில்லை. கிரிஜா கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

‘அடுத்த படத்தில் என்னை வடிவாகக் கீற, வாழ்நாள் முழுக்க நேரம் தரலாம். சம்மதமோ?’

"என்ன எழுதியிருக்கிறான்?" என்று நாகேஸ்வரி கழுத்தை நீட்டினார்.

"ஒண்டுமில்லை அன்ரி" என்று கிரிஜா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். முகம் சூடாகியது. பேனாவை வாங்கி, இன்னொரு துண்டில் அவளும் திருப்பியே எழுதினாள். ‘ஓம்’ என்ற இரண்டே எழுத்து. ‘ஓ’ பக்கம் மாறி ஏதோ நண்டுபோல வந்தது. அவன் கண்ணாடி இல்லாமலே வாசித்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பிக்னிக். அதே ஏரி, அதே காற்று, அதே வாத்து. "என்ன ஒரு வெதர்!" என்றார் அத்தான், தொப்பியைப் பறக்காமல் பிடித்துக்கொண்டு. அக்கா இப்போது கலியாண நாளைப் பற்றி மட்டுமே பேசினாள்.

கேதீஸ்வரன் இடது கையால் சாப்பிட்டான். பிட்டும் சொதியும் மாம்பழமும் அழகாகக் குழைந்து வாய்க்குப் போயின. சட்டைக் கையில் ஒரு துளி இல்லை. அத்தான் ஒரு கணம் வாயைத் திறந்தார், அக்கா காலில் மிதித்தாள், மூடிக்கொண்டார்.

கிரிஜா மடியில் தாளை வைத்து அவனை வரைந்துகொண்டிருந்தாள். நாகேஸ்வரி கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். இப்ப நீ இவனை உள்ளபடியே இடக்கையாலை சாப்பிடக் கல்லிலை கீறினா, அச்சிலை எந்தக் கை வரும்?"

"சோத்துக்கை வரும், அன்ரி."

நாகேஸ்வரி விரல்விட்டு ஏதோ எண்ணினார்.

"அப்ப உள்ளபடியே கீறு. எட்டுப் பிரதி அடி. எங்கட ஆக்களுக்கு அச்சுவேலிக்கு நாலு, கோண்டாவிலுக்கு மூண்டு, கொழும்பிலை அந்தத் தட்டம் தொடாத மனுசனுக்கு ஒண்டு, சட்டம் போட்டு." பிறகு நினைவு வந்தவராகத் திரும்பினார். "அதோடை, அன்ரி எண்டதை விடு. மாமி எண்டு சொல்லிப் பழகு."

"சரி மாமி. கார்டிகனைக் கீறட்டோ, விடட்டோ?"

"கீறு, கீறு. குளிருது எண்டு அவைக்கும் தெரியட்டும்."